சிஸர்ஸ்: மேசையில் இருப்பது ஒன்றுதான், பிறகு ஏன் 'ஆர்'?

கல்முனை மிஸ் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 8க்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சையில் இடைவெளி நிரப்பும் பகுதிக்கு, கத்தரிக்கோல் மேசையில் இருக்கிறது என்ற கருத்தில், 'தி சிஸர்ஸ் ... ஒன் தி டேபிள்' என்று ஒரு வசனம் போட்டிருந்தோம். இஸ், ஆர் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். வகுப்பில் பாதிக்கு மேல் 'இஸ்' எழுதியிருக்கிறார்கள்.

விடைத்தாளைக் கொடுத்த அன்று பின் வாங்கிலில் இருக்கிற ஒரு பையன் எழும்பி, "மிஸ், மேசையில இருக்கிறது ஒண்டுதானே? ஒண்டுக்கு இஸ் எண்டுதானே சொல்லித் தந்தீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. 'சிஸர்ஸ்' எப்போதும் பன்மை என்று சொன்னேன். "அப்ப ஒருமை எங்க மிஸ்? ஒரு சிஸர் எண்டு சொல்லலாமா?" என்றான். சொல்லக்கூடாது என்றேன். வகுப்பு முழுக்க அவன் பக்கம் சேர்ந்துவிட்டது.

அடுத்த நாள் இன்னொரு பிள்ளை தன் வாப்பாவின் கராஜில் இருக்கிற ஒரு பெட்டியின் மூடியை வெட்டிக்கொண்டு வந்தாள். காரைத் தூக்குகிற ஜாக் வந்த பெட்டி. அதில் 'சிஸர் ஜாக்' என்று எஸ் இல்லாமல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறது. கட்டுரை எழுதச் சொன்னால் ஒருத்தி 'டூ சிஸர்ஸ்' என்று எழுதுகிறாள். சாமான் கடையில் நாங்கள் எல்லோரும் 'ஒரு சிசர் தாங்க' என்றுதான் கேட்கிறோம், பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

இலக்கணப் புத்தகத்தில் விதி இருக்கிறது, அதை நான் வாசித்துவிட்டேன். எனக்கு வேண்டியது அந்தப் பையனுக்குச் சொல்லக்கூடிய விளக்கம். 'அது அப்படித்தான், பாடமாக்கு' என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சொல்லை நீங்கள் எப்படிப் படிப்பித்தீர்கள்? வேறு என்னென்ன கருத்தில் இது வரும்? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோட்டைமுனை வாத்தியார் எழுதியது:

மகள், அந்தப் பையனை ஒருக்காலும் அடக்கிவிடாதீர்கள். எனக்கு இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்த வருடம் நான் நன்றாகப் படிப்பிப்பேன். மட்டக்களப்பில் தொடங்கி வாகரை, திருக்கோவில் என்று ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். இந்தச் சொல் எல்லா ஊரிலும் இதே இடத்தில்தான் இடறும்.

முதலில் பரீட்சைக்கான விடை. 'தி சிஸர்ஸ் ஆர் ஒன் தி டேபிள்' என்பதே சரி. 'எ பெயார் ஒஃப் சிஸர்ஸ்' என்று தொடங்கினால் 'இஸ்', ஏனென்றால் அங்கே வினை 'பெயார்' என்ற ஒருமையோடு போகிறது. இரண்டு இருந்தால் 'டூ பெயார்ஸ் ஒஃப் சிஸர்ஸ்'. அமெரிக்க அகராதிகளில் 'சிஸர்ஸ்' ஒருமை வினையோடும் வரலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர் 'எ சிஸர்ஸ்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஆகவே 'இஸ்' எழுதிய பிள்ளையிடம் உலகத்தில் யாருமே அப்படிச் சொல்வதில்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் பாடப்புத்தகமும் பரீட்சையும் பிரித்தானிய வழக்கில் போகின்றன, அந்த வழக்கில் 'ஆர்' என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது விளங்கும்.

இனி விளக்கம். வார்த்தையால் விளக்க முயலாதீர்கள், சாமானைக் கையில் எடுங்கள். வீட்டில் திருகாணி தேய்ந்து ஆடுகிற பழைய கத்தரிக்கோல் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, எல்லோரும் பார்க்கத் திருகாணியைக் கழற்றுங்கள். இரண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு அலகு, ஒரு கைவளையம். ஒரு துண்டை எடுத்துக் கடதாசியை வெட்டிக் காட்டச் சொல்லி அந்தப் பையனிடமே கொடுங்கள். அவன் ஒரு கத்தியால் கீறுகிற மாதிரிக் கீறுவான், கடதாசி கிழியும். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகாணியைப் பூட்டிக் கொடுங்கள். ஆங்கிலேயன் இந்தச் சாமானைப் பார்க்கும்போது அந்த இரண்டு துண்டைத்தான் பார்க்கிறான். நாங்கள் பார்க்கும்போது வெட்டுகிற ஒரு கருவியைப் பார்க்கிறோம். இரண்டு பார்வையிலும் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது அவனுடைய பார்வையில் நின்று எழுத வேண்டும்.

திருகாணியைக் கழற்றியதும் ஒரு துண்டை 'சிஸர்' என்று சொல்லலாமா என்று அடுத்த கேள்வி வரும். சொல்வதில்லை. அந்தத் துண்டுக்குப் பெயர் 'பிளேட்'.

அதன் பிறகு இதே குடும்பத்தில் இருக்கிற சாமான்களைப் பிள்ளைகளையே தேட விடுங்கள். களிசானுக்கு 'ட்ரௌசர்ஸ்', மூக்குக் கண்ணாடிக்கு 'ஸ்பெக்டகிள்ஸ்', குறட்டுக்கு 'பிளையர்ஸ்', அடுப்பில் கரி பிடிக்கிற இடுக்கிக்கு 'டோங்ஸ்', முள்ளுப் பிடுங்குகிற சின்ன இடுக்கிக்கு 'ட்வீசர்ஸ்'. இரண்டு சம பாதி, நடுவில் அல்லது ஒரு நுனியில் ஒன்றாக மாட்டியிருக்கும். எல்லாம் 'ஆர்', எல்லாம் 'எ பெயார் ஒஃப்'. கடையில் நாங்கள் 'சிசர்', 'பிளையர்' என்று எஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்கிறோம், ஆனால் 'ஜீன்ஸ்' என்று எஸ்ஸோடு கேட்கிறோம். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வார்கள்.

இஸ், ஆர் விடயத்தில் எல்லா ஆசிரியரும் கவனமாக இருப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை அடுத்த வசனத்தில். 'பாஸ் மி தி சிஸர்ஸ். ஐ நீட் இட்' என்று எழுதுவார்கள். 'ஐ நீட் தெம்' என்று வர வேண்டும். 'திஸ் சிஸர்ஸ்' என்று தொடங்குவார்கள், 'தீஸ் சிஸர்ஸ்' வர வேண்டும். இடைவெளி நிரப்பும் கேள்வியில் 'ஆர்' போட்டுப் புள்ளி எடுத்த பிள்ளையே கட்டுரையில் 'இட்' என்று எழுதிவிடும். ஒரு சொல் பன்மை என்றால் அதைத் தொட்டு வருகிற எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். இதை வாய்வழியாகப் பழக்குங்கள். கத்தரிக்கோலை மேசைக்கு மேசை கைமாற்றி, வாங்குகிற பிள்ளை 'தேங்ஸ், ஐ நீட் தெம்' என்று சொல்லிக்கொண்டு வாங்கட்டும். ஒரு பாடவேளையில் வகுப்பு முழுக்கச் சொல்லிவிடும்.

கராஜ்காரரின் பெட்டியில் இருப்பதும் சரிதான், அந்தப் பிள்ளைக்குப் பாராட்டுச் சொல்லுங்கள். இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடையாக நிற்கும்போது இந்தச் சொற்கள் பெரும்பாலும் எஸ்ஸைக் கழற்றிவிடும். 'ட்ரௌசர்ஸ்' என்போம், அதன் பொக்கற் 'ட்ரௌசர் பொக்கற்'. அதே போல 'சிஸர் ஜாக்', 'சிஸர் லிஃப்ட்'. குறுக்கே குறுக்கே போட்ட இரும்புச் சட்டங்கள் விரிந்தும் சுருங்கியும் ஏறி இறங்குவதைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று கேட்கவே தேவையில்லை. 'சிஸர்' வினைச்சொல்லாகவும் வரும், பத்திரிகையில் இருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அப்படிச் சொல்லலாம். மற்றவர்கள் எழுதியதை அங்கொன்று இங்கொன்றாக வெட்டி ஒட்டி ஒரு கட்டுரை ஆக்கினால் அதற்கு 'சிஸர்ஸ் அன்ட் பேஸ்ட்' வேலை என்று பெயர். இதைச் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். இணையத்தில் பார்த்துச் செயற்றிட்டம் எழுதுகிற காலம் இது.

விளையாட்டிலும் இந்தச் சொல் இருக்கிறது. உயரம் பாய்தலில் கோலுக்குப் பக்கவாட்டில் ஓடிவந்து, கோலுக்குக் கிட்ட இருக்கிற காலை முதலில் வீசி, மற்றக் காலைப் பின்னால் கொண்டுவருவார்களே, அதுதான் 'சிஸர்ஸ்' முறை. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி முதுகைக் கோலுக்குக் காட்டிப் பாய்ந்து தங்கம் வென்ற பிறகு பெரிய போட்டிகளில் படிப்படியாக அவருடைய முறைதான் நிலைத்தது. ஆனால் அப்படிப் பாய்ந்தால் முதுகில் விழ வேண்டும், தடித்த மெத்தை வேண்டும். மணலில் பாய்கிற எங்கள் கிராமத்துப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டியில் காலில் வந்து இறங்குகிற 'சிஸர்ஸ்'தான் பாதுகாப்பு. அந்தப் பையனை மைதானத்தில் ஒரு தடவை பாயவிட்டு, இரண்டு கால்களும் கோலுக்கு மேலே குறுக்கிட்டுப் போவதை மற்றப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்ததாக அதுதான் வரும். எஸ்-சி-ஐ-எஸ்-எஸ்-ஓ-ஆர்-எஸ். சி ஏன் அங்கே இருக்கிறது, ஒலிக்கவில்லையே என்று கேட்பார்கள். பழைய பிரெஞ்சில் இருந்து 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த இடத்தில் சி இல்லை, 'சிஸூர்ஸ்' என்பது போல எழுதினார்கள். பிரெஞ்சுச் சொல்லின் வேர் லத்தீனில் வெட்டுதல் என்ற கருத்துள்ள 'கைதரே' என்ற வினை. 16ஆம் நூற்றாண்டில், லத்தீன் படித்தவர்கள் பிளத்தல் என்ற கருத்துள்ள இன்னொரு லத்தீன் வினையோடு இதைச் சேர்த்து நினைத்து எஸ்ஸுக்குப் பின்னால் சியைப் புகுத்திவிட்டார்கள். நீளப் பிடி போட்ட பெரிய அரிவாளுக்கு 'ஸைத்' என்பார்களே, அதிலும் இதே காரணத்தால்தான் ஒலிக்காத சி வந்து உட்கார்ந்தது. எங்கள் வயலில் வேளாண்மை வெட்டுகிற தாக்கத்தி அது இல்லை, கையில் பிடிக்கிற அதற்கு 'சிக்கிள்'.

'கைதரே' வழியில் வந்த உறவுக்காரரைக் காட்டினால் அம்பாறைப் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். தச்சனின் உளிக்கு 'சிசெல்'. தீர்மானிப்பதற்கு 'டிசைட்', மற்றத் தெரிவுகளை வெட்டிவிடுவது. வெட்டுதலோடு கொல்லுதல் என்ற கருத்தும் அந்த வினைக்கு உண்டு. அதனால் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலில் எழுதியிருக்கிற 'பெஸ்டிசைட்', 'ஹேர்பிசைட்' இரண்டின் வாலும் அங்கிருந்துதான். பிள்ளை நாளாந்தம் பார்க்கிற போத்தலில் இருந்தே பாடம் தொடங்கலாம்.

உச்சரிப்பு: முதல் எஸ் எங்கள் ஸதான். நடுவில் இருக்கிற இரட்டை எஸ் 'இஸ்' என்று சொல்லும்போது வருகிற ஒலி, வண்டு இரைகிற மாதிரி. கடைசி எஸ்ஸும் அதேதான். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் அதிர்வு தெரியும்.

---

மருதமுனை தையல்காரன் எழுதியது:

சேர் சொன்னதை ரசித்து வாசித்தேன். எங்கள் ஊர் கைத்தறி ஊர், கத்தரிக்கோல் இல்லாத வீடு குறைவு. தொழில் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்கிறேன், டீச்சர்.

துணி வெட்டுகிற பெரிய கத்தரியை ஆங்கிலத்தில் 'ஷியர்ஸ்' என்று சொல்வார்கள். பெட்டியிலும் 'டெய்லர்ஸ் ஷியர்ஸ்' என்றுதான் இருக்கும். 'சிஸர்ஸ்' சின்னது, இரண்டு கைவளையமும் ஒரே அளவாக இருக்கும். 'ஷியர்ஸ்' பொதுவாக 6 அங்குலத்துக்கு மேல், பெருவிரல் போகிற வளையம் சிறிது, மற்ற விரல்கள் போகிற வளையம் நீளம். அதோடு பிடி மேல்பக்கமாக வளைந்திருக்கும். அந்த வளைவு அழகுக்காக இல்லை. கீழ் அலகு மேசையில் படுத்தபடியே போகும், துணியைத் தூக்கத் தேவையில்லை. நேர்ப் பிடி போட்ட சாதாரண கத்தரியால் சாரம் துணியை வெட்டிப் பாருங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் துணி மேசையை விட்டு எழும்பும், வெட்டு அலைஅலையாகப் போகும். ஓரத்தைப் பல்லுப்பல்லாக வெட்டுகிறதற்கு 'பிங்கிங் ஷியர்ஸ்'. அப்படி வெட்டிய துணியில் நூல் இலேசில் பிரியாது. நூல் நறுக்குகிற, விரல் வளையம் இல்லாத குட்டிக் கத்தரிக்கு 'ஸ்னிப்ஸ்'. கவனியுங்கள், எல்லாவற்றின் வாலிலும் எஸ் இருக்கிறது.

'பெயார்' பற்றி ஒரு விடயம். கொழும்பில் இருந்து மொத்தமாகச் சாமான் எடுத்தால் பற்றுச்சீட்டில் கத்தரிக்கு நேரே '6 பிஆர்எஸ்' என்று எழுதி வரும். பெயார்ஸ் என்பதன் சுருக்கம். கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி, ஆறு சோடி என்றால் பன்னிரண்டு வர வேண்டும், ஆறுதான் வந்திருக்கிறது, சாமான் குறைவு என்று சொல்லிக் கொழும்புக்குப் போன் எடுக்கப் போனான். செருப்பு ஆறு சோடி என்றால் பன்னிரண்டு செருப்பு, கத்தரி ஆறு 'பெயார்' என்றால் ஆறு கத்தரி. வியாபாரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், பணம் சம்பந்தப்பட்ட விடயம்.

இன்னொன்று, வகுப்பில் கழற்றிப் பூட்டிக் காட்டுவதாக இருந்தால் யாருடைய துணிக் கத்தரியையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கடதாசி வெட்டினால் அலகு மழுங்கிவிடும். பிறகு மெல்லிய துணியை வெட்டாது, மடித்துக் கடிக்கும். எங்கள் கடையில் கடதாசிக்கு வேறு, துணிக்கு வேறு.

---

திருக்கோவில் சிஸ்டர் எழுதியது:

நான் தாதி. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நீண்ட காலம் நின்றவள் என்பதால் எங்கள் இடத்து வழக்கத்தைச் சொல்கிறேன்.

அங்கே 'சிஸர்ஸ்' என்ற சொல்லே பல நேரம் வாயில் வருவதில்லை. டொக்டர் கையை நீட்டி 'மேயோ' என்பார், 'மெட்ஸ்' என்பார். மேயோ சிஸர்ஸ் தடித்தது. நேராக இருப்பது தையல் நூல் வெட்ட, வளைந்தது உறுதியான தசைநாரை வெட்ட. மெட்ஸ் என்பது மெட்ஸன்பாம் சிஸர்ஸ், பிடி நீளம், அலகு குட்டை, மென்மையான இழையங்களுக்கு. மெட்ஸைத் தையல் நூல் வெட்டக் கொடுக்கக்கூடாது. தையல்கார நானா கடதாசி பற்றிச் சொன்ன அதே காரணம்தான், அலகு கெட்டுவிடும். வயிற்றை மூடுவதற்கு முன் எல்லா உபகரணங்களையும் எண்ணுவோம். அப்போது ஒரு மேயோ, இரண்டு மேயோ என்று ஒவ்வொரு கருவியாகத்தான் எண்ணுவது, 'பெயார்' என்று சொன்னால் எண்ணிக்கையில் குழப்பம் வரும். ஆகவே பேச்சிலும் தொழிலிலும் வேறு மாதிரி வரும், பரீட்சைத் தாளில் சேர் சொன்னபடி எழுத வேண்டும்.

வார்ட்டில் பிள்ளைகள் பார்க்கக்கூடியது கட்டு வெட்டுகிற கத்தரி. லிஸ்டர் பான்டேஜ் சிஸர்ஸ் என்போம். அலகு பக்கவாட்டில் சரிந்திருக்கும், கீழ் அலகின் நுனியில் சின்ன உருண்டை மாதிரி மழுங்கலாக இருக்கும். அந்த நுனியைக் கட்டுக்குக் கீழே தோலோடு ஒட்டித் தள்ளிக்கொண்டு போனாலும் தோலைக் குத்தாது.

தங்கச்சி, வேறு என்ன கருத்தில் வரும் என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவத்தில் 'சிஸர் கெயிட்' என்று ஒன்று இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்குத் தொடைத் தசைகள் இறுகி, நடக்கும்போது முழங்கால்கள் உட்பக்கமாக வந்து ஒன்றையொன்று குறுக்கிடும். அந்த நடைக்குத்தான் அந்தப் பெயர். இயன்மருத்துவப் பயிற்சி நேரத்தோடு தொடங்குவது அந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம். உங்கள் வகுப்பிலோ ஊரிலோ அப்படி நடக்கிற சின்னப் பிள்ளை இருந்தால், பெற்றோரிடம் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

---

கல்முனை மிஸ் எழுதியது:

சேர், நானா, அக்கா, மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இன்று பழைய கத்தரி ஒன்றைக் கொண்டுபோய்க் கழற்றிக் காட்டினேன். அந்தப் பையன்தான் திருகாணியைக் கழற்றினான். இரண்டு துண்டும் மேசையில் கிடந்தபோது "இப்ப ஆர் தான் மிஸ்" என்றான். பிறகு பூட்டிவிட்டு, "பூட்டின பிறகும் உள்ளுக்க ரெண்டுதானே இருக்கு" என்று அவனே பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னான். எனக்கு அது போதும்.

ஆனால் இரண்டு கேள்வி மிஞ்சியிருக்கிறது. வீட்டில் இரண்டு பாதி உள்ள சாமான்களைத் தேடி வரச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை தன் அம்மம்மாவின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்துவிட்டாள். இரண்டு கை, ஒரு நுனியில் ஆணி, நடுவில் அலகு. சேர் சொன்ன எல்லாம் பொருந்துகிறது. அப்படியென்றால் இதற்கும் 'ஆர்' வருமா?

மற்றது, ஒரு பிள்ளை இடக்கைக்காரி. கத்தரியைப் பிடித்து வெட்டினால் கடதாசி வெட்டுப்படாமல் அலகுகளுக்கு இடையில் மடிந்து போகிறது. மற்றப் பிள்ளைகள் அவளுக்கு வெட்டத் தெரியாது என்கிறார்கள். நான் என் இடக்கையால் முயன்று பார்த்தேன், எனக்கும் மடிகிறது. இது கத்தரியின் பிழையா?

---

மருதமுனை தையல்காரன் எழுதியது:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன் டீச்சர். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அந்தக் கத்தரி வலக்கைக்குச் செய்தது, அவ்வளவுதான்.

வலக்கையால் வெட்டும்போது நாங்கள் அறியாமலே பெருவிரல் வெளிப்பக்கம் தள்ளும், மற்ற விரல்கள் உட்பக்கம் இழுக்கும். வலக்கைக் கத்தரியில் இந்தத் தள்ளலும் இழுப்பும் இரண்டு அலகையும் ஒன்றோடொன்று நெருக்கும். நெருங்கி உரசினால்தான் வெட்டும். அதே கத்தரியை இடக்கையில் பிடித்தால் அதே விசை அலகுகளை விலக்கும். இடைவெளி வந்தவுடன் கடதாசி உள்ளே மடிந்து போகும். அதோடு வெட்டுகிற கோடும் மேல் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும், எங்கே வெட்டுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. கோட்டுக்குக் கோடு வெட்டவில்லை என்று ஏசுகிறார்கள், பாவம், அவளுக்குக் கோடே தெரிவதில்லை.

இடக்கைக்கென்று கத்தரி இருக்கிறது. வாங்கும்போது கவனம். கைவளையத்தை மட்டும் இரண்டு கைக்கும் பொருந்துகிற மாதிரிச் செய்துவிட்டு விற்கிறார்கள், அதனால் பிரயோசனம் இல்லை. அலகு மாறியிருக்க வேண்டும். வெட்டுகிற மாதிரி நுனியை முன்னுக்கு நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வலக்கைக் கத்தரியில் மேலே இருக்கிற அலகு வலப்பக்கம், இடக்கைக் கத்தரியில் இடப்பக்கம். அது கிடைக்கும் வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். இடக்கையால் பிடித்தபடியே பெருவிரலை உட்பக்கமாக, உள்ளங்கைப் பக்கம் இழுத்து வெட்டச் சொல்லுங்கள். அலகுகள் நெருங்கும். கை நோகும், நீளமாக வெட்ட முடியாது, ஆனால் கடதாசி மடியாது.

---

கோட்டைமுனை வாத்தியார் எழுதியது:

பாக்குவெட்டியைக் கொண்டுவந்த பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவளுடைய கேள்வி இந்த விதியின் எல்லையைத் தொட்டுவிட்டது.

பாக்குவெட்டியை ஆங்கிலத்தில் 'எ பீட்டல் கட்டர்' என்பார்கள், ஒருமை, 'இஸ்'. இரண்டு கை இருந்தும் ஏன் என்றால், அந்தப் பெயர் அது செய்கிற வேலையில் இருந்து வந்தது. வெட்டுவது 'கட்டர்'. அப்படி வேலையைச் சொல்லி வைத்த பெயர்கள் பெரும்பாலும் ஒருமைதான், 'ஸ்டேப்ளர்' போல. ஆனால் இதுவும் முழுக்கப் பிடித்து நிற்காது. கொட்டை உடைக்கிற கருவியை அமெரிக்கர் 'எ நட்கிராக்கர்' என்பார்கள், பிரித்தானியர் 'நட்கிராக்கர்ஸ்' என்று பன்மையிலும் சொல்வார்கள். நகம் வெட்டுவது 'நெயில் கிளிப்பர்ஸ்'. ஆகவே இரண்டு பாதி இருந்தால் அனேகமாகப் பன்மை என்று சொல்லுங்கள், எப்போதும் என்று சொல்லாதீர்கள். சட்டைக்கும் இரண்டு கை இருக்கிறது, அதற்கு 'எ ஷேர்ட்' என்றுதான் வரும் என்று அந்தப் பின் வாங்கில் பையன் நாளைக்குக் கேட்பான். சட்டைக்கு உடம்பு ஒன்று, கை அதில் தைத்தது. களிசானுக்கு இரண்டு காலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கத்தரிக்கோலும் அப்படித்தான்.

அடுத்த தவணைக்குக் கேள்வி போடும்போது ஒரே வசனத்தை இரண்டு விதமாகப் போடுங்கள். 'தீஸ் சிஸர்ஸ் ... ஷார்ப்' என்று ஒன்று, 'திஸ் பெயார் ஒஃப் சிஸர்ஸ் ... ஷார்ப்' என்று அடுத்தது. இரண்டையும் சரியாக எழுதுகிற பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக 'வேர் ஆர் தி சிஸர்ஸ்? ஐ புட் ... ஒன் தி டேபிள்' என்று வைத்து, 'இட்', 'தெம்' இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். அதற்கு இரண்டு புள்ளி கொடுங்கள்.